உப்புக் கணக்கு சொல்றேன், உக்காரு

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு உப்பு ஆய்வு படிக்கிறியா நைனா? படி, படி. சத்துவாச்சாரியில பொறந்துட்டு உப்புல ஃபெயிலாயிட்டேன்னு வந்து நின்னா ஊருக்கே கேவலம். கடல் இங்கிருந்து நூத்தி முப்பது கிலோமீட்டருக்கு மேல கீது. அலை கெடையாது, கப்பல் கெடையாது, கருவாடு கூட மெட்ராசிலிருந்துதான் வரணும். ஆனா உப்புக்கு மட்டும் நமக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்ல.

புஸ்தகத்தைக் காட்டு. சாதாரண உப்பு, அமில உப்பு, கார உப்பு, இரட்டை உப்பு, அணைவு உப்பு. அழகா கட்டம் போட்டுப் பிரிச்சி வெச்சிருக்கான். இந்த வேலையை ஆரம்பிச்சி வெச்சது கீயோம் ரூயல்னு பாரிசு பட்டணத்து வாத்தியாரு. 1744-ல உப்புங்களை வகை பிரிச்சி எழுதினாரு. 1754-ல, ஆசிட்டும் பேசும் சேர்ந்து பொறக்கிறதுதான் உப்புன்னு தீர்த்துச் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி அந்த ஊருல தண்ணியில கரைஞ்சி நாக்குல ருசி தெரிஞ்சா அது உப்பு, அவ்வளவுதான் சட்டம். பாடம் நடத்துற வேகத்துல சூடு ஏறிப்போயி தலையில வெச்ச டோப்பாவைக் கழட்டி வெச்சிடுவாராம் மனுஷன். உங்க டியூஷன் சாரு ஏசி போட்டுக்கினு நடத்துறாரு, அந்தச் சூடு எப்படி வரும்?

நம்மாளுங்களும் சும்மா இல்ல. சித்த வைத்தியத்துல காரசாரம்னு 25 எண்ணி வெச்சிருக்காங்க. கல்லுப்பு, இந்துப்பு, வெடியுப்பு, நவச்சாரம், சீனாக்காரம், வெங்காரம்னு போவும். எது வயித்துக்கு, எது புண்ணுக்கு, எது வெடிக்குன்னு பிரிச்சாங்களே தவிர ஹைட்ரஜன் எத்தனை மிச்சம்னு எண்ணல. எண்ணாததால மார்க்கு போச்சி. போவட்டும்.

உனக்கு இப்போ ஒரு யோசனை சொல்றேன். நீ இந்த அஞ்சு கட்டத்தை மனப்பாடம் பண்ண வேணாம். ஒரு டேனரிக்குள்ள போயி முன்வாசல்ல நொழைஞ்சி பின்வாசல்ல வெளிய வா. அஞ்சும் வரிசையா நிக்கும். நான் டிரம்மு மேஸ்திரியா வேலை பாத்தவன். எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தது கரும்பலகை இல்ல, கை வெந்த காயம்.

முன்வாசல்ல இருக்கிறது சாதாரண உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, எங்க போனாலும் பச்சைத் தோலு உப்புக்குள்ள படுத்துக்கினுதான் லாரியில வந்து எறங்கும். உரிச்ச தோலு சில மணி நேரத்துலயே அழுக ஆரம்பிச்சிடும். நூறு கிலோ தோலுக்கு நாப்பது கிலோ அளவுக்கு உப்பு போட்டுத் தேய்ச்சாத்தான் தூரத்துச் சந்தையிலிருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் நிக்கும். உப்பு மந்திரம் எதுவும் பண்ணல. தோலுல இருக்கிற தண்ணியை வெளிய இழுத்துடுது. தண்ணி இல்லாத எடத்துல கிருமி பொழைக்காது. டேனரிக்கு வந்ததும் முதல் வேலையே போட்ட உப்பை ஊறவெச்சிக் கழுவுறது. அந்த முதல் தண்ணியை நாக்குல வெச்சேன்னா மெரினாவுக்கே போயிட்டு வந்த கணக்கு.

போட்ட உப்பெல்லாம் எங்க போவுது? நீதானே கெமிஸ்ட்ரி, சொல்லு பாப்போம். சோடியம் குளோரைடு அழுகாது, எரியாது, எந்தக் கிருமியும் அதைத் தின்னாது, ஆவியா மேலயும் போவாது. தண்ணி எங்க போவுதோ அங்க போவும். தண்ணி பாலாத்துக்குப் போச்சி. முடிஞ்சிது பாடம்.

அடுத்தது சுண்ணாம்புத் தொட்டி. முடியை எடுக்கிறதுக்கு சுண்ணாம்போட சோடியம் சல்பைடு சேர்ப்பாங்க. இதையும் உன் புஸ்தகம் சாதாரண உப்புங்கிற கட்டத்துலதான் போடும். ஏன்னா ஆசிட்ல இருந்த ஹைட்ரஜன் ஒண்ணு கூட மிச்சமில்ல. சாதாரணம்னு போட்டுட்டான், சாதுன்னு நெனைச்சிக் கையை விட்டுடாத. பலமான காரத்துக்கும் பலவீனமான ஆசிட்டுக்கும் பொறந்தது. தண்ணியில கரைஞ்சதும் காரத்துப் பக்கமே சாயும். மாட்டு முடியை உருக்குற சரக்கு, உன் வெரலை விட்டு வெக்குமா? நகத்தோரமா முதல்ல வழுவழுன்னு இருக்கும், ராத்திரி எரிய ஆரம்பிக்கும், காலையில தோலு தனியா கழண்டு வரும்.

அதே சல்பைடு தண்ணியில ஆசிட் தண்ணி வந்து கலந்தா என்ன ஆவும்னு உன் வாத்தியாரு கேப்பாரு. பலமான ஆசிட் உள்ள வந்தா பலவீனமான ஆசிட் எடத்தைக் காலி பண்ணணும். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவா வெளிய வரும், அழுகின முட்டை நாத்தத்தோட. பரீட்சையில இதுக்கு ரெண்டு மார்க்கு. டேனரியில கழிவுத் தொட்டி கழுவ எறங்குறவனுக்கு இது உசுரு. ஏன்னா வாயு கொஞ்சமா இருக்கிற வரைக்கும்தான் நாத்தம் தெரியும். ஜாஸ்தி ஆனா மூக்கு மரத்துப் போயிடும். நாத்தம் நின்னுடுச்சேன்னு அடுத்த படியில காலை வெப்பான். இந்தப் பட்டையில அப்படி எறங்கி ஏறாதவங்க சேதியை நான் பேப்பர்ல படிச்சிக்கினே இருக்கேன். இதுல மட்டும் கிண்டல் வராது எனக்கு.

சுண்ணாம்பை வெளிய எடுக்க நவச்சாரம் போடுவாங்க. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவன் பஞ்சுல தொட்டுத் தேய்ப்பானே, அதேதான். உன் புஸ்தகத்துல அதுக்கு அம்மோனியம் குளோரைடுன்னு பேரு. சுண்ணாம்பு மேல பட்டதும் அம்மோனியா கெளம்பும். டிரம்மு மூடியைத் தெறந்தவன் கண்ணுல தண்ணி ஊத்தும். புதுசா வேலைக்கு வந்த பசங்களை அந்த மூடியைத் தெறக்கச் சொல்லிட்டுத் தள்ளி நின்னு சிரிக்கிறது அந்தக் காலத்து வழக்கம். யாரு தெறக்கச் சொன்னதுன்னு கேக்காத.

அப்பால பிக்கிளு. ஊறுகாய் போடுற கணக்குதான்: சல்ஃப்யூரிக் ஆசிட், கூடவே மறுபடியும் உப்பு. ஆசிட்டை மட்டும் ஊத்தினா தோலு தண்ணி குடிச்சி வீங்கிடும், அதைத் தடுக்க உப்பு. முதல் தடவை கழுவின உப்புக்குக் கணக்கு முடியறதுக்குள்ள ரெண்டாம் தவணை வந்துடுச்சி பாரு.

இப்போ வருது பச்சைத் தூளு. இதுக்காகத்தான் உன்னை உக்கார வெச்சேன். பேசிக் குரோமியம் சல்ஃபேட். கார உப்புக்கு உதாரணம் குடுன்னு கேட்டா உன் கூட்டாளிங்கல்லாம் புஸ்தகத்துல இருக்கிற காரீயத்தை எழுதுவானுங்க; நீ இதை எழுது. குரோமியத்துக்கு மூணு கை. ரெண்டு கையை சல்ஃபேட் புடிச்சிக்கும், மூணாவது கையில ஹைட்ராக்சில். மூணுல ஒண்ணு காரம், அதனால டேனரியில இதுக்கு முப்பத்திமூணு பெர்சன்ட் பேசிசிட்டின்னு பேரு. மூட்டை மேலயே 33-ன்னு அச்சடிச்சிருக்கும். வேதியியல் பாகுபாடு மூட்டை மேல அச்சாகி வந்த சரக்கு வேற எது கீது சொல்லு.

ஆசிட்ல கெடக்கிற தோலுக்குள்ள இந்தக் குரோமியம் நல்லா ஊடுருவிப் போவும், ஆனா எதையும் புடிச்சிக்காது. உள்ள வரைக்கும் போச்சான்னு பாக்க, தோலோட தடிச்ச எடத்துல கத்தியால ஒரு வெட்டு வெட்டிப் பாப்போம். வெட்டின ஓரத்துல நடுவுல வெள்ளைக் கோடு தெரிஞ்சா இன்னும் ஓட்டணும். முழுசும் நீலமா இருந்தா, ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சிக் கொஞ்சம் கொஞ்சமா டிரம்முல விடுவோம். ஆப்ப சோடா அமில உப்பு, ஹைட்ரஜன் ஒண்ணு இன்னும் ஒட்டிக்கினு இருக்குது. பேரு அமில உப்பு, டிரம்முக்குள்ள பாக்குற வேலை அமிலத்தைக் கொறைக்கிறது. மூணுல இருந்த பி.ஹெச். நாலுக்குக் கிட்ட ஏறும். ஏற ஏற குரோமியம் தோலோட புரதத்தைப் புடிச்சிக்கும். அவசரப்பட்டு சோடாவை மொத்தமா கொட்டினேன்னு வையி, குரோமியம் மேலாகவே பச்சைத் திட்டாப் படிஞ்சிடும். அந்தத் தோலைப் பாத்து ஓனரு பேசுற பேச்சுல எல்லா வகை உப்பும் இருக்கும்.

வெந்துடுச்சான்னு பாக்குறது தனி அழகு. தோலுல ஒரு துண்டு வெட்டி அட்டை மேல வெச்சிச் சுத்தி பென்சில்ல கோடு போட்டுக்குவோம். துண்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து அதே கோட்டு மேல திரும்ப வெப்போம். பச்சைத் தோலுன்னா அறுபது அறுபத்தஞ்சு டிகிரியிலேயே சுருண்டு பாதியா போயிடும். குரோம் புடிச்ச தோலு கொதிச்ச தண்ணியிலிருந்து வந்து கோட்டு மேல அப்படியே உக்காரும், மயிரிழை கூட உள்ள வராது. அதைப் பாத்துட்டுத்தான் மேஸ்திரி டீ குடிக்கப் போவான்.

இரட்டை உப்பு எங்கன்னு கேக்குற. சலூன்ல மோவாய்க்கட்டையில தேய்க்கிற சீனாக்காரம்தான். பொட்டாசியமும் அலுமினியமும் சல்ஃபேட்டோட சேர்ந்து ஒரே படிகமா பளபளன்னு நிக்கும். தேர்தல் கூட்டணி மாதிரி: காய்ஞ்சிருக்கிற வரைக்கும் ஒரே உருவம், தண்ணியில போட்டதும் அவனவன் கட்சிக்கு அவனவன் போயிடுவான். பொட்டாசியத்துக்குத் தனியா, அலுமினியத்துக்குத் தனியா, சல்ஃபேட்டுக்குத் தனியா சோதனை வரும். அணைவு உப்பு அப்படி இல்ல. தண்ணியில போட்டாலும் நடுவுல இருக்கிற உலோகம் கூட்டாளிங்களை விடாது; அதைத் தனியா சோதிச்சா பிடி குடுக்காது. இதைத் தோலுலயே காட்டலாம். குரோம் வர்றதுக்கு முன்னாடி சீனாக்காரத்துல பதப்படுத்துற வழக்கம் உலகம் முழுக்க இருந்துது. வெள்ளையா மெத்துன்னு வரும். நாலு தடவை தண்ணியில நனைச்சிப் பிழிஞ்சா சீனாக்காரம் வெளிய போயி, தோலு பழையபடி பச்சைத் தோலு குணத்துக்கே வந்து சேரும். குரோமியம் புரதத்தோட அணைவு கட்டிடுது. நனைச்சாலும் வராது, கொதிக்க வெச்சாலும் வராது.

இன்னொண்ணு. உன் பிராக்டிகல் நோட்டுல மூணாம் குரூப்புன்னு ஒண்ணு கீதே, அதுல யாரு யாரு? அலுமினியம், குரோமியம், இரும்பு. மூணு பேருக்கும் மூணு மூணு கை, அம்மோனியா ஊத்தினா மூணு பேரும் வீழ்படிவாயிடுவாங்க. இந்த மூணு உலோகத்தையுமே தோலைப் பதப்படுத்துறதுக்கு மனுஷன் முயற்சி பண்ணிப் பாத்திருக்கான். லேபுல ஒரே கட்டத்துல உக்கார்றவங்க டேனரியிலயும் ஒரே வேலைக்கு மனு போட்டிருக்காங்க. குரோமியத்துக்கு வேலை கெடைச்சிது. இப்படி ஒரு விஷயத்தைத் தெரிஞ்சிக்கிட்டாத்தான் அந்தக் கட்டம் போட்டவனுக்கு ஒரு கும்புடு போடத் தோணும் எனக்கு.

குரோமியம் வர்றதுக்கு முன்னாடி இங்க ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். குழியில போட்டு வாரக் கணக்குல ஊறவெப்பாங்க. குரோம் வழியை 1903 வாக்குல மெட்ராசுல சோதிச்சிப் பரப்பினது ஆல்ஃபிரட் சாட்டர்டன்னு ஒரு வெள்ளைக்காரன். வாரக் கணக்கு ஒரு நாளாச்சி. பட்டைத் தண்ணியும் நாறும், ஆனா நாளாவட்டத்துல மக்கும். குரோமியம் உலோகம், மக்குறதுக்கு அதுக்குத் தெரியாது. டிரம்முல போட்ட குரோமியம் முழுசும் தோலுக்குள்ள போறதும் இல்ல; மூணுல ஒரு பங்கு அளவுக்குத் தண்ணியோட வெளிய வரும்.

பாகுபாடு இன்னா பெருசான்னு நீ கேப்ப. கேளு. குரோமியத்துக்கு மூணு கைன்னு சொன்னேன். அதுக்கே ஆறு கை இருக்கிற அவதாரம் ஒண்ணு கீது. மூணு கைக்காரன் பச்சை, நீலம். ஆறு கைக்காரன் மஞ்சள், ஆரஞ்சு. மூணு கைக்காரனைத் தோலுல போட்டு செருப்பு தெச்சிப் போட்டுக்கலாம். ஆறு கைக்காரனைப் புத்து நோய் வர வைக்கிற முதல் வரிசையில உலகப் புத்துநோய் ஆராய்ச்சிக்காரங்க வெச்சிருக்காங்க. ஒரே உலோகம், ஒரே பேரு, கைக் கணக்கு மட்டும் வேற.

இந்த ஆறு கைக்காரனிலிருந்துதான் மூணு கைக்காரனைச் செய்யறாங்க. குரோமியத் தாதுவை சோடாவோட வறுத்தா மஞ்சள் குரோமேட்டு, அதிலிருந்து ஆரஞ்சு டைகுரோமேட்டு. அதுல ஆசிட்டும் வெல்லப்பாகும் ஊத்தினா ஆரஞ்சு போயி பச்சை வந்துடும். வெல்லப்பாகுக்கு பொங்கல்ல மட்டும்தான் வேலைன்னு இருந்தியா? ராணிப்பேட்டை சிப்காட்டுல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு கம்பெனி 1970-கள்ல ஆரம்பிச்சி இந்த வேலையைத்தான் பண்ணிச்சி. 1990-கள் நடுவுல மூடிட்டாங்க. கம்பெனி போச்சி, கழிவு போவல. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல ஆறு கைக் குரோமியம் கலந்த குப்பை குன்றாட்டம் குமிஞ்சிது. மழை பேஞ்சா அந்தப் பக்கம் மஞ்சத் தண்ணி ஓடும். மஞ்சத் தண்ணி ஊத்துறது நம்ம ஊருல மங்கள காரியம். இது மட்டும் வேற. 2006-ல நியூயார்க்குல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்டுனு ஒரு அமைப்பு உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து ஊருன்னு பட்டியல் போட்டுது. ராணிப்பேட்டை பேரு அதுல வந்துடுச்சி. ஜில்லாவுக்கு உலகப் புகழ்.

இதோட இதையும் சேர்த்துப் படி. 2015 மே 1-லிருந்து ஐரோப்பாவுல ஒரு சட்டம்: உடம்புல படுற தோலுச் சாமானுல ஆறு கைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. ஆம்பூர்ல தெச்ச ஷூவை அந்த ஊருல போட்டுக்கினு நடக்குறவன் காலுக்கு அவ்வளவு பந்தோபஸ்து. நல்ல சட்டம்தான், தப்பு சொல்லல. ராணிப்பேட்டைக்காரன் காலு எந்தப் பட்டியல்ல வருதுன்னு மட்டும் உன் வாத்தியாரைக் கேட்டுச் சொல்லு.

உப்பு தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும்னு பெரியவங்க சொன்னாங்க. இங்க உப்பு தின்னவன் ஒருத்தன், தண்ணி குடிச்சவன் இன்னொருத்தன். நானே டிரம்முல சம்பாதிச்சிப் புள்ளைங்களைக் கட்டிக் குடுத்தவன். ஆம்பூர் ஷூ கம்பெனி வேன்ல விடியக்காலம் ஏறிப் போற பொம்பளைப் புள்ளைங்க எத்தனை வீட்டுல அடுப்பு எரிய வெக்கிதுன்னு எனக்குத் தெரியும். அதனால டேனரியே வேணாம்னு கூவ மாட்டேன். ஆனா மாமனார் வீட்டுக் கெணத்துத் தண்ணியை மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கினதையும் பாத்தவன். மாட்டுக்கு உப்பு வகை தெரியாது, கெட்டதுன்னு மட்டும் தெரியுது.

கேஸு போட்டாங்க. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சி. 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு. குல்தீப் சிங் தலைமையில மூணு நீதிபதிங்க. மாசு பண்ணவனே துட்டு குடுக்கணும், ஆபத்து வரும்னு தெரிஞ்சா முன்னாடியே தடுக்கணும், ரெண்டும் இந்த நாட்டுச் சட்டம்னு எழுதினாங்க. இந்தியா முழுக்க வக்கீலுக்குப் படிக்கிற பசங்க நம்ம பாலாத்தைத்தான் மனப்பாடம் பண்றானுங்க. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி, 35,000 ஹெக்டேர் நெலம் கெட்டுப் போச்சின்னு அந்தத் தீர்ப்புலயே கீது. டேனரிக்குத் தலா பத்தாயிரம் ரூபா அபராதம், கலெக்டர் ஆபீசுல கட்டச் சொன்னாங்க.

டேனரி கழிவுத் தண்ணியில எவ்வளவு உப்பு விடலாம்னு ஒரு அளவும் கீது: லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அரசாங்கத் தரக் கணக்குல குடிக்கிற தண்ணியில 500-க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம். ஆத்துல விடறது 2100, தொண்டையில எறங்குறது 2000. வித்தியாசம் நூறுதான். அந்த நூறை ஆறு பாத்துக்கும்னு விட்டிருப்பாங்க போல. ஆறோ வருஷத்துல முக்காவாசி நாளு மணலாத்தான் கெடக்குது, அதுக்கு எதை வெச்சிக் கரைக்கிறது?

நஷ்டத்தைக் கணக்கு பார்க்க ஒரு ஆணையம் வந்துது. 2001 மார்ச் 7-ல 547 டேனரிங்க சேர்ந்து 29,193 குடும்பத்துக்கு 26.82 கோடி ரூபா தரணும்னு சொன்னாங்க. வகுத்துப் பாரு, கால்குலேட்டர் வேணாம்: குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். தண்ணி கெட்டு, நெலம் கெட்டு, மாடு வித்து, ஒன்பதாயிரத்துச் சொச்சம். 2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் திரும்பவும், நீதிபதிங்க பர்திவாலாவும் மகாதேவனும், கெடைக்காதவங்களுக்கெல்லாம் ஆறு வாரத்துல நஷ்டஈடு குடுங்க, அரசாங்கம் குடுத்துட்டு கம்பெனிக்காரங்ககிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு சொல்லிச்சி. 2001-க்கும் 2025-க்கும் நடுவுல எத்தனை ஆறு வாரம் வருதுன்னு கணக்கு நோட்டுல போட்டுப் பாரு. பொழுது போவும்.

அதுக்கு நடுவுல 2019-ல வேலூர் ஜில்லாவையே மூணாப் பிரிச்சிட்டாங்க. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போச்சி. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தனி ஜில்லா. நமக்கு பேர்ணாம்பட்டு மிச்சம். கலெக்டர் மூணு பேரு, பாலாறு ஒண்ணு. மேலேயிருந்து உப்பு ஜில்லா எல்லையைத் தாண்டி வரும்போது எந்தச் செக்போஸ்டுலயும் கையெழுத்துப் போடுறதில்ல. மனு குடுக்கணும்னா எந்த கலெக்டர் ஆபீசுன்னு முதல்ல அந்த உப்பைத்தான் கேக்கணும். நமக்கு சவுகரியம், சத்துவாச்சாரியில கலெக்டர் ஆபீசு நடக்குற தூரம். திங்கக்கிழமை போனா குறை கேப்பாங்க. குடிக்கிறதுக்கு இப்போ காவிரித் தண்ணி குழாயில வருது. பாலாத்தங்கரையில வீடு, காவிரியை எதிர்பார்த்துக் குடம். காவிரித் தண்ணி வராத நாளைக்கு வீட்டுல ஆர்.ஓ. மெஷினு. பேனா கணக்கா ஒரு மீட்டரை டம்ளர்ல முக்கி, பாருங்க சார் அறுபதுன்னு காட்டிட்டுப் போறான். உப்பு எங்க போச்சின்னு யாரும் கேக்கல. பின்னாடி ஒரு சின்னக் குழாய் சாக்கடைக்குப் போவுதே, அதுல முன்னைக்கும் ஜாஸ்தியா ஓடுது. மெஷினு உப்பை அழிக்கல நைனா, உன்கிட்டயிருந்து பக்கத்து வூட்டுக்காரன்கிட்ட தள்ளி வெச்சிருக்குது.

டேனரிங்க சேர்ந்து நடத்துற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துலயும் பெரிய அளவுல அதேதான். ஒரு சொட்டும் வெளிய விடாதேன்னு உத்தரவு வந்ததும் ஆர்.ஓ. போட்டாங்க. நல்ல தண்ணி திரும்ப டிரம்முக்கு. மிஞ்சின உப்புத் தண்ணியைக் காய்ச்சி வத்த வெப்பாங்க. அடியில தங்குறதுக்குக் கலப்பு உப்புன்னு பேரு. சோடியம் குளோரைடு, சோடியம் சல்ஃபேட், கூடவே சுண்ணாம்புச் சத்து, சாயம், கொழுப்பு மிச்சம். பழுப்பா இருக்கும். சமையலுக்கும் ஆவாது, தோலுக்கும் ஆவாது, மண்ணுலயும் கொட்டக் கூடாது. ஷெட்டு கட்டி தார்ப்பாய் மூடி அடுக்கி வெச்சிருக்காங்க. உன் புஸ்தகத்துல அதுக்குக் கட்டம் இல்ல.

கழிவு சேர்த்து வெக்கிறது எவ்வளவு பொல்லாததுன்னு 2015 ஜனவரி 31 சொல்லிச்சி. ராணிப்பேட்டை சிப்காட்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடுத் தொட்டி செவுரு விடியறதுக்கு முன்னாடி ஒடைஞ்சிது. பக்கத்து டேனரியில தூங்கிக்கினு இருந்த பத்துப் பேரு செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்காளத்திலிருந்து பொழைக்க வந்தவங்க.

ஆக உனக்கு நான் குடுக்குற டியூஷன் இவ்வளவுதான், ஃபீஸு வேணாம். பிரிக்கிறதைக் கலக்கிறதுக்கு முன்னாடி பிரி. கலந்த அப்பால பிரிக்க கரண்ட் பில்லு கட்டி மாளாது. இதை நான் கண்டுபுடிக்கல. அடையாறுல 1948-லிருந்து இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வருஷக் கணக்கா சொல்றதுதான். தோலை ஊறவெக்கிறதுக்கு முன்னாடி நல்லா ஒதறினா கெட்டியா நிக்கிற உப்புல ஒரு பங்கு அப்படியே கொட்டும், கூட்டி அள்ளிக்கலாம். ஊறவெச்ச முதல் தண்ணியைத் தனி வாய்க்கால்ல விட்டு வெயில்ல காய வெக்கலாம். வேலூர் வெயிலுக்கு இது ஒண்ணாவது உபயோகம். சல்பைடு தண்ணி தனியா, ஆசிட் தண்ணி தனியா. குரோம் தண்ணியைத் தனித் தொட்டியில புடிச்சி மெக்னீசியம் ஆக்சைடு போட்டா பச்சையா கீழ உக்காந்துடும், குரோமியம் ஹைட்ராக்சைடு. தெளிஞ்ச தண்ணியை எறக்கிட்டு அதுல சல்ஃப்யூரிக் ஆசிட் ஊத்தினா மறுபடியும் அதே கார உப்பு, மறுபடியும் டிரம்முக்கு. உப்பைப் பேசாக்கி, பேசை உப்பாக்கி, துட்டையும் மிச்சம் பண்ணியாச்சி. ரூயல் வாத்தியாரு இருந்தா டோப்பாவைத் தூக்கிப் போட்டிருப்பாரு.

இதெல்லாம் பரீட்சையில எழுதாத. நாளைக்கு உனக்கு ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளு குடுப்பாங்க. ஒரு உப்பு, ஒரு நேர் அயனி, ஒரு எதிர் அயனி. பாலாத்துத் தண்ணியைக் குடுத்து கண்டுபுடின்னு சொல்ற அளவுக்கு உங்க சாரு கொடுமைக்காரர் இல்ல. மூணாம் குரூப்புக்கு வரும்போது மட்டும் ஞாபகம் வெச்சிக்க. நவச்சாரத்தை முதல்ல போடு, அம்மோனியாவை அப்பால ஊத்து. மாத்திப் போட்டேன்னு வையி, ஆறாம் குரூப்புல ஒழுங்கா உக்காந்துக்கினு இருக்க வேண்டிய மெக்னீசியம் கூப்பிடாமலே மூணாம் குரூப்புல வந்து உக்காந்துக்கும், நீயும் அலுமினியம்னு எழுதிட்டு வருவ.